பல்கலைக் கழக நூலகமும் தமிழ் நூற்பட்டியல் பணியும்

விலைக்கு வாங்கப்பட்டோ கொடையாகப் பெறப்பட்டோ பல்கலைக் கழக நூலகத்தை அடையும் ஒரு நூல், படிப்போர் கைக்குச் செல்லுமுன் பல நிலைகளைக் கடத்தல் வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெறுதல், பொருள் நோக்கி வகுக்கப்படுதல், பட்டியலில் இடம்பெறுதல், முதுகில் எண் ஒட்டப்பெற்று அடுக்கிற்குச் செல்லுதல் என்பன அந்நிலைகள். இவற்றைத் தொழில்நுட்பப் பணி என்னும் ஒரு பெயரால் நூலகத்தார் வழங்குவர். இப்பணி நடைபெறும் அறைக்குள் படிப்போர் செல்வதில்லை. ஆதலின் அங்கு நேரும் பிழையும் காலத்தாழ்வும் அவர்க்குப் புலப்படுவதில்லை. தேடி வந்த நூல் 'இல்லை' என்னும் விடையோடு அவர் திரும்புகின்றார். நூலோ அதே கட்டடத்தில் கிடக்கின்றது. தமிழ் ஆய்வில் இந்நிலை எவ்வாறு தோன்றுகின்றது, இதனை நீக்கப் பட்டியற் பிரிவை எங்ஙனம் நடத்துதல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இத்துறையில் உலகறிந்த பெயர் சீ. இரா. அரங்கநாதனுடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராக அமர்ந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவர் நூல் 1931-இலும், கோலன் பகுப்பு 1933-இலும், பட்டியல் விதிநூல் 1934-இலும் வெளிவந்தன. ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்போரின் காலம் வீணாகாமையைப் பற்றியது. தொழில்நுட்பப் பணி முழுவதற்கும் அதுவே உரைகல் எனலாம்.

அவர்தம் பகுப்பில் இலக்கிய ஆசிரியர்கள் பிறந்த ஆண்டு முறைப்படி நிரல்படுத்தப்படுவர். 1800 முதல் 1899 வரையுள்ள ஆண்டுகளுக்கு 'எம்' என்னும் உரோமன் எழுத்து அடையாளம். எனவே 1882-இல் பிறந்த பாரதியார் 'எம் 82' என்னும் குறியைப் பெறுவார். அடுக்கின்முன் நிற்பவர்க்கு இலக்கிய வரலாறே வரிசையாகத் தோன்றும். இஃது அழகிய முறையே. ஆயினும் பிறந்த ஆண்டு அறியப்படாத சங்கப் புலவரிடத்து இம்முறை இடர்ப்படுகின்றது. காலவாராய்ச்சியில் அறிஞர்கள் முடிவு காணாத வழக்கொன்றில், நூல் முதுகில் எண் எழுதும் நூலகர் தீர்ப்பளிக்க நேர்கின்றது!

எண்ணினும் பெரிய சிக்கல் பெயரில் உள்ளது. குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியர் கபிலர். இன்னா நாற்பதின் ஆசிரியரும் கபிலர். பதினோராந் திருமுறையில் இடம்பெறுபவர் கபிலதேவ நாயனார். ஔவையார் என்னும் பெயரும் ஒருவர்க்கே உரியதன்று. இவரையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ் அடைத்தால் பல நூற்றாண்டுகள் ஒன்றாகக் கலக்கும். இதற்கு மறுதலையாக, ஒருவரே பல பெயரில் எழுதியதும் உண்டு. மறைமலையடிகளின் தொடக்கக் கால நூல்கள் வேதாசலம் என்னும் பெயர் தாங்கியவை. வி. கோ. சூரியநாராயண சாத்திரியாரும் பரிதிமாற் கலைஞரும் ஒருவரே, சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே. இரு பெயர்களையும் இணைக்கும் 'காண்க' என்னும் குறிப்பு பட்டியலில் இல்லையாயின், ஆய்வாளர் பாதி நூல்களைக் கொண்டு முழு மனிதரை மதிப்பிட்டுவிடுவார்.

பெயரின் முன்னெழுத்தும் புறக்கணிக்கத் தக்கதன்று. மேனாட்டார் குடும்பப் பெயரைத் தலைப்பாக்குவர். தமிழர் பெயரிலோ முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும், 'உ. வே.' என்பது உத்தமதானபுரத்தையும் வேங்கடசுப்பையரையும் சுட்டுவது. ஆகவே சாமிநாதையர் என்பதே தலைப்பாதல் வேண்டும். முன்னெழுத்து அதன் பின்னே நிற்கலாம், ஆனால் நீங்கலாகாது. நீங்கின் விளைவு யாதெனின், மு. இராகவையங்காரும் ரா. இராகவையங்காரும் ஒருவராகிவிடுவர். இருவரும் 'செந்தமிழ்' இதழின் ஆசிரியராக விளங்கியவர். இருவரும் சங்க நூல்களை ஆராய்ந்தவர். ஓரெழுத்தே அவரைப் பிரித்துக் காட்டுவது. ஒருவர் கருத்தை மற்றொருவர்மேல் ஏற்றியுரைக்கும் பிழைக்குப் பட்டியலே வித்திடல் ஆகாது.

இனிப் பழைய அச்சு நூல்களை நோக்குவோம். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் வெளிவந்தவற்றுள் பல, ஆண்டினை அறுபதாண்டுச் சுழற்சிப் பெயராலேயே குறிக்கின்றன. 'விய' என்று மட்டும் அச்சிட்டிருப்பின் அது 1886-87 ஆகலாம், 1946-47 ஆகலாம், 1826-27உம் ஆகலாம். எழுத்தின் அமைப்பு, தாள், அச்சுக்கூடத்தின் பெயர் ஆகியவற்றைக் கொண்டே துணிதல் வேண்டும். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால், தை முதலிய மூன்று திங்களில் வெளிவந்த நூல் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேரும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இத்துணிபிற்கு ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலும், பிரித்தானியக் காட்சிச்சாலைத் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் 1909-இல் அமைத்த பட்டியலும் பெருந்துணையாவன. இவை பட்டியற் பிரிவில் நூலகரின் மேசைமீதே இருத்தல் வேண்டும். அரிய நூல் அறையில் பூட்டிவைத்தற்குரியன அல்ல.

மற்றொன்றும் உண்டு. அம்மானை, கும்மி, சிந்து, வண்ணம் முதலிய சிறு நூல்கள் பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்க அளவினவாக வெளிவந்தன. அவற்றைப் பேணக் கருதியவர் பத்தும் பதினைந்துமாகச் சேர்த்து ஒரே கட்டடமாகக் கட்டுவித்தனர். சேர்க்கைப் பதிவேட்டில் அத்தொகுதிக்கு எண் ஒன்றே. அவசரத்தில் பட்டியலிடுவோர் முதற் சிறு நூலின் பெயரை எழுதி முடிப்பர். ஏனையவை கட்டினுள் மறைந்துபோம். நூல் அழியவில்லை, திருடப்படவும் இல்லை, ஆயினும் அறிஞர் உலகிற்கு அது இறந்ததே. நாட்டுப்புற இலக்கிய வரலாற்றில் நாம் 'கிடைக்கவில்லை' என்று எழுதுவனவற்றுள் சில இத்தகைய கட்டுகளில் இருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு.

பிறர் ஆக்கிய பதிவை ஏற்றுப் பயன்படுத்தும் முறை புதியதன்று. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1901-இலேயே அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1971-இல் ஒகையோ மாநிலத்தில் நூலகங்கள் கணிப்பொறி வழியே பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. இதனால் உழைப்பு மிகுதியும் குறைந்தது. ஆனால் காங்கிரசு நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் சகரம் 'சி' என்னும் உரோமன் எழுத்தால் குறிக்கப்படும். நம்மவரோ சாமிநாதையரை 'எஸ்' என்னும் எழுத்தில் தேடுவர். கடன் வாங்கிய பதிவை அவ்வாறே விட்டுவிட்டால் நூல் இருந்தும் இல்லாததாகும். தமிழ் எழுத்திலேயே தலைப்பைச் சேர்ப்பதொன்றே இதற்குத் தக்க வழி. அங்கும் ஒரு தடையுண்டு: யூனிக்கோடு எண் நிரலில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தின் பின்னும் நிற்கின்றன. அந்நிரலைத் திருத்தாது பட்டியலை வரிசைப்படுத்தும் பொறி, தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நெடுங்கணக்கைக் குலைத்துவிடும்.

பட்டியற் பிரிவின் தலைவர்க்கு நாடோறும் எழும் வினா, விரைவா செம்மையா என்பது. தேங்கிய நூல்களின் தொகை பெருகப் பெருக, விரைவையே மேலிடம் கேட்கும். எல்லா நூலுக்கும் ஒரே அளவு உழைப்பைச் செலவிடுதல் வேண்டாம் என்பது என் கருத்து. பாடநூலின் புதுப் பதிப்பிற்குக் கடன் பதிவே போதும். பயிற்சி பெற்ற எழுத்தர் அதனை முடிப்பார். வந்த நூல் எதுவாயினும் ஆசிரியர், பெயர், ஆண்டு என்னும் மூன்றோடு சுருக்கப் பதிவொன்றை உடனே பெறட்டும். விரிவுரைகள் பின்னர் வரலாம். பெயர்த் தலைப்பை நிறுவுதல் மட்டும் பின்னுக்குத் தள்ளப்படுதல் கூடாது. இன்று பிழையாக நின்ற பெயரைப் பத்தாண்டு கழித்துத் திருத்துவோர், அதன்கீழ்ச் சேர்ந்த ஒவ்வொரு பதிவையும் மீண்டும் நூலோடு ஒப்பிட நேரும்.

இதற்கெனப் பெயர்க்கோவையொன்று தனியே அமைதல் நலம். ஒவ்வொரு புலவர்க்கும் ஏற்ற தலைப்பு, பிற பெயர்கள், காலம், அவ்வாறு துணிந்ததற்குரிய சான்று ஆகியன அதில் இடம்பெறும். கபிலர் மூவரா இருவரா என்பதை நூலகர் தனித்து முடிவு செய்தல் அரிது. தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் கிழமைதோறும் ஓரிரு மணி நேரம் பட்டியல் அறையில் அமர்ந்து ஐயங்களைத் தீர்ப்பின் வேலை விரையும். கட்டுத்தொகுதிகளைப் பிரித்துப் பார்த்து உள்ளடங்கிய சிறு நூல்களைக் குறித்துத் தருதல் ஆய்வு மாணவர்க்கு ஏற்ற பயிற்சியாம். அங்ஙனம் குறித்த ஒவ்வொன்றிற்கும், தொகுதியின் எண்ணையே காட்டித் தனிப்பதிவு எழுதுதல் இயலும்.