தண்ணீர்த் தொட்டியில் உப்புப் பிடிப்பது ஏன்? எடுப்பது எப்படி?



எங்க வீட்டில் இருப்பது சிமெண்ட் தொட்டி. அதன் வாய் சின்னது. பெரியவங்க நுழைய முடியாது. அதனால் போகிக்கு முன்னாடி தொட்டி கழுவும்போது, "நீதான் ஒல்லியா இருக்க, இறங்கு"ன்னு என்னைத்தான் இறக்கி விடுவாங்க. உங்களிலும் பல பேருக்கு இதே வேலை இருக்கும். அவங்க இதைக் கட்டாயம் படிக்கணும்.

தொட்டிச் சுவரில் வெள்ளையாக ஓடு மாதிரி கட்டியிருப்பதை நாம் உப்பு என்கிறோம். அது சோத்து உப்பு இல்லை. அப்படி இருந்தால் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்குமே! அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் அதே பொருள்தான்.

எங்க திண்டுக்கல் பக்கம் பாறை பூமி. கிணறு வெட்டினால் சுக்கான் கல் வரும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து லேசான அமிலமாகி, கல்லில் உள்ள கால்சியத்தைக் கரைத்துக்கொள்ளும். அது போர் தண்ணீராக மேலே வந்து தொட்டியில் நின்றதும் அந்த வாயு பிரிந்து போய்விடும். கரைந்தது மறுபடியும் கல்லாகப் படியும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் படியும். சந்தேகம் இருந்தால் வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைப் பாருங்க.

குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்க தண்ணீரை அளந்து பார்த்ததில்லை. ஆனால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரமாகும்.

போன போகிக்கு நான் தொட்டிக்குள் தேய்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா முதலிலேயே அடியில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தாங்க. எவ்வளவு தேய்த்தும் உப்பு வரவில்லை. "இதை ஊத்துனா விட்டுரும்"ன்னு மேலே இருந்து பாத்ரூம் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினாங்க. உடனே ஒரு காட்டமான நெடி. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. எப்படியோ ஏறி வந்துவிட்டேன். இரண்டு நாள் இருமல். அம்மா அழுதுட்டாங்க. அவங்களுக்கும் தெரியாதுல்ல?

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வருமாம். அது காற்றை விடக் கனமானது, அதனால் தொட்டியின் அடியிலேயே தங்கும். நாம் குனிந்து தேய்ப்பதும் அங்கேதானே! பவுடர் இல்லாவிட்டாலும் ஆசிட் இந்தக் கல்லில் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும். அதுவும் அடியில்தான் தங்கும். அது மட்டுமில்லாமல், ஆசிட் சிமெண்டையும் அரித்துவிடும்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். தொட்டியைக் காலி செய்து, மூடியைத் திறந்து இரண்டு நாள் காயவிட்டோம். உப்பு பொருக்கு விட்டது. கொட்டாங்குச்சியால் சுரண்டியதில் முக்கால்வாசி வந்துவிட்டது. நான் உள்ளே இருந்தவரை அப்பா வாய்ப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

மாடியில் பிளாஸ்டிக் டேங்க் இருந்தால் உள்ளே இறங்க வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். அதை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து, வெளியே நின்றபடி கைக்கு எட்டும் இடத்தில் எல்லாம் ஒற்றி வைத்து, அரை மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. கீறல் விழுந்தால் அதில்தான் முதலில் உப்புப் பிடிக்கும். நன்றாக அலசிய பிறகு, பிளீச்சிங் பவுடர் போடுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

எங்க தொட்டியில் இப்போதே லேசாக வெள்ளை தெரிகிறது. தண்ணீர் அதே தண்ணீர்தானே.

சுரண்டிய துண்டு ஒன்றைப் பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். யாராவது ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு வந்தால், அதன் மேல் பிழிந்து நுரை பொங்குவதை மதிய இடைவேளையில் காட்டுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி