துளைத்தவரே மூடட்டும்

2019 அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. முதலில் முப்பது அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை, மீட்பு வேலை நடக்கும்போதே 88 அடி வரை சரிந்துபோனது. பக்கத்தில் குழி தோண்ட வந்த ராட்சத ரிக் வண்டிகளும் பாறையிடம் திணறின. 27ஆம் தேதி தீபாவளி. தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. 29 அதிகாலையில் உடல்தான் கிடைத்தது. நம்மிடம் நல்ல மீட்புக் கருவி இல்லையே என்ற ஆதங்கம்தான் அந்த நாட்களில் ஓங்கி ஒலித்தது. நியாயமான ஆதங்கம். ஆனால் கோளாறு அதற்கும் வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது. போர் போட விலை பேசுகிற இடத்தில், தண்ணீர் வராவிட்டால் துளையை மூடுவது யார் செலவு என்று யாருமே பேசுவதில்லை.

இந்த ஆபத்து எங்கும் ஒரே அளவில் இல்லை. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆற்று மணல் படிந்த தீவு. அங்கே போர் போட்டால் பெரும்பாலும் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் மோட்டாரும் குழாயும் துளைக்குள் இறங்கிவிடும், வாய் தானாகவே அடைபடும். மணப்பாறைப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. அங்கே நீர் நிற்பது பாறை வெடிப்புகளில்தான். வெடிப்பு சிக்கினால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் புழுதி. பல நூறு அடி போயும் ஏமாந்து, அடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்த விவசாயி, போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்று கேசிங் பைப்பை உருவி எடுக்கிறார். மேல்மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்தப் பைப்தான். அது போனதும் வாய் சரிந்து அகலமாகிறது. மேலே ஒரு சாக்கு, ஒரு பலகைக் கல். ஒரு மழைக்காலம் போனால் சாக்கு மக்கிவிடும். ஆக, மூடுவதற்குக் கையில் காசில்லாதவர் நிலத்தில்தான் மூடவேண்டிய துளைகளே அதிகம்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2010இலேயே விரிவான வழிமுறைகளை வகுத்தது: தோண்டுவதற்கு 15 நாள் முன்பே தகவல், ரிக் நிறுவனங்களுக்குப் பதிவு, வேலை நடக்கும்போது வேலி, கைவிட்ட துளையைக் களிமண், மணல், கற்களால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்புதல். தமிழ்நாடு அரசும் ஊராட்சிகளுக்கென 2015இல் விதிகள் கொண்டுவந்தது. அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் நடுக்காட்டுப்பட்டி. ரிக் வண்டி அடுத்த ஊருக்குப் போனபின் அதிகாரி வந்து தேடுவார் என்று நம்பும் ஏற்பாடு எப்படிப் பலிக்கும்? வண்டி நிற்கும்போதே நடக்கவேண்டிய வேலை இது. மூடிய பிறகே கடைசித் தவணைக் கூலி, மூடியதற்குச் சான்று இல்லாவிட்டால் ரிக் வண்டியின் பதிவு ரத்து என்று வைத்தால் பலிக்கும். பெற்றோர் கவனமாக இருக்கவேண்டாமா என்ற கேள்வி காதில் விழுகிறது. காட்டு வேலையில் இருப்பவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையை ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடிய துளைக்குக் காவல் தேவையில்லை.

செலவு கூடும் என்பதும் பெரிய தடையாகத் தெரியவில்லை. துளைத்தபோது வெளியே வந்த கல்தூள் அங்கேயேதான் குவிந்து கிடக்கிறது. நிரப்ப அதையும் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. வறண்ட போரை மழைநீர் சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை நல்லதுதான், ஆனால் கேசிங் பைப்பை உருவாமல், வடிகட்டும் குழி கட்டி, போல்ட் போட்ட இரும்பு மூடியும் பொருத்தினால் மட்டும். அதற்கு வழியில்லையென்றால் நிரப்பிவிடுங்கள். அடுத்த முறை ரிக் வண்டிக்காரரிடம் அடிக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே, தண்ணீர் வராவிட்டால் மூடித் தர எவ்வளவு என்றும் கேட்டு, அதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.