பேனாக்கத்திக்கும் தடையா?

"கத்தியையே தடை செய்ய வேண்டும்!"

எங்கேயாவது ஒரு கொலை நடந்தால் போதும். மறுநாள் காலை டீக்கடையில் இந்தக் குரல் எழுகிறது. வீச்சரிவாள் மட்டும் அல்ல; சட்டைப்பையில் மடக்கி வைக்கும் சிறு கத்தியைக்கூட யாரும் வைத்திருக்கக் கூடாது, அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்கிறார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. பிள்ளை பெற்றவர்கள். பத்திரிகையைப் படித்துப் பயந்து போனவர்கள்.

ஆனால், அப்படி ஒரு தடை வந்தால் முதலில் பிடிபடுவது யார்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இது கைத்தொழில் செய்து பிழைப்பவர்கள் நிறைந்த பகுதி.

யார் பையில் இருக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் பையில் டெஸ்டர் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு கத்தியும் இருக்கும். வயரின் மேல்தோலைச் சீவ அதுதான் வேண்டும். பார்சல் கட்டும் பெண்ணுக்கு நாடாவை அறுக்கக் கத்தி வேண்டும். லாரியில் சரக்கு ஏற்றுகிறவருக்குக் கயிறு வெட்டக் கத்தி வேண்டும்.

பஸ் நிலையத்தில் வெள்ளரிக்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறாரே ஓர் அம்மாள், அவர் கையில் இருப்பது என்ன? செருப்புத் தைப்பவர் தோல் சீவுவது எதனால்? முடி திருத்துபவரின் சவரக்கத்தி மடக்குக் கத்திதானே? மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர் வைத்திருப்பதும் மடக்குக் கத்திதான்.

இந்த ஞாயிறு மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும், ஏஜெண்டு அதன் கயிற்றை எதனால் அறுத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

ஆயுத பூஜை அன்று பட்டறைகளுக்குப் போனால் தெரியும். லேத்துக்குச் சந்தனம், ஸ்பானருக்குக் குங்குமம். அந்த வரிசையில் கத்திக்கும் ஒரு பொட்டு உண்டு.

எழுத்தோடு பிறந்த கத்தி

பேனாக்கத்தி என்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்?

முன்காலத்தில் ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவி, மையில் தொட்டு எழுதினார்கள். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார்கள். அதனால் வந்த பெயர்தான் இது.

நம் நாட்டுக் கதையும் அதுதான். ஓலையில் எழுதிய நம் முன்னோரிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை நறுக்கச் சிறு கத்தி. இரண்டையும் ஒரே பிடியில் மடக்கி, மடியில் செருகிக்கொள்ளலாம். கணக்கப்பிள்ளையும் புலவரும் கத்தியோடு நடமாடிய நாடு இது!

சுவிட்சர்லாந்து இராணுவம் 1891-ம் ஆண்டு முதல் தன் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுத்து வருகிறது. எதிரியைக் குத்த அல்ல. டப்பாவைத் திறக்க, துப்பாக்கியின் திருகாணியைக் கழற்ற!

சட்டம் இல்லாமல் இல்லை

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் எந்தக் கத்தியையும் தூக்கிக்கொண்டு திரியலாமா?"

கூடாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. இன்று நேற்று அல்ல, நீண்ட காலமாகவே இருக்கிறது.

1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்ததைக் கண்டு வெள்ளைக்காரன் பயந்தான். இந்தியன் கையில் ஆயுதமே இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினான். 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்த எண்ணத்தின் பிள்ளை. வாள், ஈட்டி மட்டும் அல்ல, வில்லும் அம்பும்கூட அதில் ஆயுதம்! மகாத்மா காந்தி அந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

சுதந்திரம் வந்த பிறகு, 1959-ல், நம் பாராளுமன்றம் புதிய ஆயுதச் சட்டம் செய்தது. இன்றும் நடப்பில் இருப்பது அதுதான். அதைச் செய்தவர்கள் நாட்டு நடப்புத் தெரிந்தவர்கள். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது என்று எழுதி வைத்தார்கள். அதற்கு உதாரணமாக அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? தாத்தாவின் கைத்தடி!

கத்திக்கு ஓர் அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டத்தின் கீழ் வரும் விதிகளைப் பாருங்கள். தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். அப்போதும், வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால் வராது. இளநீர்க்காரரின் அரிவாள் இதனால்தான் தப்பிப் பிழைக்கிறது.

அளவைப் பார், எதற்காகச் செய்தது என்று பார். இரண்டையும் பார்க்கிற சட்டம் இது. கத்தியால் ஒருவரைக் காயப்படுத்தினால் தண்டிக்க வேறு சட்டம் தனியாக இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. குத்தவும் வெட்டவும் பயன்படும் எந்தக் கருவியால் காயம் செய்தாலும் அதில் தண்டனை உண்டு. கத்தி எத்தனை அங்குலம் என்று அங்கே யாரும் கேட்பது இல்லை.

டெல்லியில் நடந்தது

ஆனால் 1959-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அதன் 4-வது பிரிவு.

ஒரு பகுதியின் நிலைமையைப் பார்த்து, மத்திய அரசு கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். அதில் குறிப்பிட்ட கத்தி வகையை அந்தப் பகுதியில் லைசென்சு இல்லாமல் யாரும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சொல்லலாம். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியது இல்லை. விவாதம் இல்லை. ஓட்டெடுப்பு இல்லை. ஒரு தாள் போதும்!

கத்தி பற்றிய அறிவிப்பு ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை டெல்லியில் பார்க்கலாம்.

1980 அக்டோபர் 29 அன்று டெல்லி நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பட்டனை அழுத்தினால் திறக்கிற கத்தி, ஸ்பிரிங் கத்தி, வேறு விசையால் திறந்து மூடுகிற கத்தி ஆகியவற்றைப் பற்றியது அது. தகட்டின் நீளம் 7.62 சென்டிமீட்டர், அகலம் 1.72 சென்டிமீட்டர். இந்த அளவும் இதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு. 7.62 சென்டிமீட்டர் என்றால் 3 அங்குலம். ஆட்காட்டி விரல் நீளம்தான்!

பட்டன் கத்தி ரவுடிகளுக்குப் பிடித்தமானது. அதைக் கட்டுப்படுத்தியதில் தப்பு இல்லை. பின்னால் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

அங்கே ஒருவர் பட்டன் கத்தி வைத்திருந்தார் என்று அவர் மீது வழக்குப் போட்டார்கள். அவர் கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டாக ஏறினார். கடைசியில் 2025-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது. காரணம் என்ன? 1980-ம் ஆண்டு அறிவிப்பு, கத்தி செய்வதையும் விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் பற்றியது. அந்த மனிதர் விற்பதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் சொல்லவே இல்லை!

அறிவிப்பு வெளிவந்து 45 ஆண்டு கழித்துத்தான் நாட்டின் மிகப்பெரிய கோர்ட்டு அதன் பொருளை இப்படி விளக்க வேண்டி வந்தது. படித்த அதிகாரிகளுக்கும் வக்கீல்களுக்குமே இவ்வளவு குழப்பம். சட்டைப்பையில் கத்தியோடு சைக்கிளில் போகிற கூலிக்காரர் என்ன செய்வார்? அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவாரா? ஜாமீனுக்கு ஆள் தேடுவதற்குள் அந்த மாதச் சம்பளம் போய்விடும். வேலையும் போய்விடும்.

மலையம்பாக்கத்துக் கேக்

நம் பக்கத்துக்கு வருவோம்.

2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்த நாள் விழா நடந்தது. கேக் வெட்டியது எதனால்? நீண்ட அரிவாளால்! செய்தி அறிந்த போலீசார் இரவோடு இரவாகச் சுற்றி வளைத்தார்கள். 70-க்கும் அதிகமானவர்கள் பிடிபட்டார்கள். தப்பி ஓடிய விழா நாயகன் சில நாள் கழித்து அம்பத்தூர் துணை கமிஷனர் அலுவலகத்துக்கே வந்து சரண் அடைந்தார்.

இதற்குப் போலீசாருக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தகவலும் துணிச்சலும்தான். அரிவாளால் கேக் வெட்டுகிறவன், பேனாக்கத்திக்குத் தடை வந்தால் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவானா?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுவதும் போலீசார் ஒரு பெரிய வேட்டை நடத்தினார்கள். அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திர பாபு. ஆயிரத்துக்கும் அதிகமான ஆயுதங்கள் சிக்கின. அதோடு, அரிவாளும் கத்தியும் அடிக்கும் பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசினார்கள். வாங்குகிறவரின் பெயர், விலாசம், போன் நம்பரை எழுதி வையுங்கள். கண்காணிப்புக் கேமரா வையுங்கள். முன்பின் தெரியாதவருக்கு விற்காதீர்கள் என்றார்கள்.

பட்டறையில் அடிக்கிற வீச்சரிவாளுக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் இதையே பென்சில் சீவும் கத்திக்கும் நீட்டினால் என்ன ஆகும்? கருமான் எல்லாருக்கும் தெரிந்தவர். அவர் நோட்டுப் புத்தகம் வைத்துக் கணக்கு எழுதுவார். பிளாட்பாரத்திலும் மளிகைக் கடையிலும் தொங்குகிற சிறு கத்திக்கு யார் கணக்கு எழுதுவது?

அதே மாதம்தான் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் வரும் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். 2022 ஜனவரி 1-ல் அது வந்தும்விட்டது. பேட்டையில் ரோந்து கூடினால் குற்றம் குறையும். ரோந்து போகிறவர் வயர்மேன் பையைத் துழாவிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அரிவாள்காரன் அடுத்த தெருவைத் தாண்டியிருப்பான்.

சின்னக் கத்தியும் கொல்லும்

உண்மைதான். அதை மறைக்கக் கூடாது.

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை ஒரு வாலிபர் கத்தியால் குத்தினார். அது மறைத்து எடுத்து வந்த சிறு கத்தி. ஊரே பதறியது. அதன் பிறகு ஆஸ்பத்திரிகளில் காவலைப் பலப்படுத்தினார்கள். இது சரியான வழி. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம் ஆகிய இடங்களின் வாசலில் சோதனை வையுங்கள். கத்தியோடு உள்ளே விடாதீர்கள். இடத்துக்குத் தடை போட்டால் உழைப்பவருக்கு நஷ்டம் இல்லை. வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்வார்.

இங்கிலாந்தைப் பாருங்கள். கத்திக்குத்தால் திண்டாடுகிற நாடு அது. நம் ஆயுதச் சட்டம் பிறந்த அதே 1959-ல் அங்கே பட்டன் கத்தியைத் தடை செய்தார்கள். 18 வயது ஆகாதவர்களுக்குக் கத்தி விற்கக் கூடாது என்றார்கள். 2024-ல் 'ஸோம்பி' கத்தி என்ற பயங்கரக் கத்திகளைத் தடை செய்தார்கள். 2025-ல் 'நிஞ்சா' வாளையும் தடை செய்தார்கள். இத்தனை செய்தவர்கள், சாதாரண மடக்குக் கத்தியை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். தகடு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பெரியவர்கள் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று 1988-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

அவர்களிடமிருந்து 18 வயது விதியை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பையனுக்குக் கடைக்காரர் கத்தி விற்கக் கூடாது. இதை எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

இன்னும் ஒரு காரியம் உடனே செய்யலாம். செலவும் அதிகம் இல்லை. 9 அங்குலம், 2 அங்குலம் என்ற கணக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும், பட்டறை வாசலிலும், தொழிற்பேட்டை கேட்டிலும் ஒரு பலகை வையுங்கள். எந்தக் கத்தி ஆயுதம், எது ஆயுதம் அல்ல என்று பெரிய எழுத்தில், தமிழில் எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி, பக்கத்தில் 9 அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்துக் காட்டுங்கள். அதுவரை, வீட்டில் பிள்ளைகளின் பெரிய அடிக்கோல் இருந்தால் வாங்கி அளந்து பாருங்கள். அது 12 அங்குலம். அதில் முக்கால் பங்கு.