கண்ணாடி வீடு சூடாவது எப்படி?

பிப்ரவரியில் இங்கிலாந்துத் தோட்டங்களில் மண் சில்லிட்டுக் கிடக்கும். ஆனாலும் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி விதைப்பு தொடங்கிவிடும். உறைபனி முற்றிலும் ஓயும்வரை காத்திருந்தால், அங்குள்ள குறுகிய கோடையில் காய் பழுக்க நாள் போதாது.

வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு. ஏன்? வெயிலை உள்ளே விடும் கண்ணாடி, மண்ணிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடாது என்றுதான் பலரும் படித்திருப்போம். அது சிறு பங்குதான். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றதற்குப் பாறை உப்புத் தகடு. உப்பு அகச்சிவப்பைத் தாராளமாக வெளியே விடும். வெயிலை முதலில் ஒரு கண்ணாடி வழியே செலுத்திப் பார்த்தபோது இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாயின! என்ன அழகான, எளிய சோதனை!

திறந்தவெளியில் சூடான காற்று மேலெழுந்து போய்விடும். குளிர்காற்று அந்த இடத்தைப் பிடிக்கும். கூரை இந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. கூரைச் சன்னலைச் சற்றே திறந்தால் வெப்பம் சட்டென இறங்குவது இதனால்தான்.

இரவுக்குத் தண்ணீர்ப் பீப்பாய்கள் உதவும். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் விடும்.

சுடுமண் தொட்டிகளையும் தோட்டத்துச் சிலைகளையும் குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே வைப்பது நல்லது. அவற்றின் நுண்துளைகளில் ஊறிய நீர் உறையும்போது பருமனில் சுமார் 9 சதவீதம் பெருகி, சுடுமண்ணைப் பிளந்துவிடும்.