வளரும் விரிசல்

காலை எட்டரை மணிக்கு துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலை ஓரமாகச் சற்று நேரம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு வாண்டு நின்றபடி போகும். அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும். வாண்டின் தலையில் தேங்காய் எண்ணெய் மட்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

இப்படிப் போகையில் விழுந்து அடிபட்டால் குழந்தையின் மண்டையோட்டில் விரிசல் விழலாம். அது பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் அது கூடாமல் அகலமாகிக்கொண்டே போகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹவ்ஷிப் 1816-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

காரணம் எலும்புக்கு அடியில் இருக்கிறது. மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா என்னும் தடித்த உறை, சின்னக் குழந்தைகளுக்கு எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். எலும்பு உடையும்போது அதுவும் சேர்ந்து கிழியலாம். கிழிசல் வழியே உள்சவ்வும் மூளைநீரும், சிலசமயம் மூளையும்கூடப் பிதுங்கும். இதயம் துடிக்கும்போதெல்லாம் மூளையும் லேசாகத் துடிக்கும். வாய்க்கால் உடைப்பைத் தண்ணீர் அரித்து அகலமாக்குவதுபோல, அந்தத் துடிப்பு எலும்பின் விளிம்பை அரிக்கும். போதாததற்கு, முதல் வயதிலேயே மூளையின் எடை இரு மடங்காகிறது. மூன்று வயதில் பெரியவர் மூளையில் ஐந்தில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் மூன்று வயதுக்குட்பட்டவர்களாக இருப்பது இதனால்தான்.

அடிபட்ட வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். "சரியாப் போச்சுங்க" என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள், மறுபரிசோதனை மறந்துபோகும். வாரங்கள், மாதங்கள் கழித்து அதே இடத்தில் மெத்தென்று ஒரு புடைப்பு வரும். குழந்தை அழுதால் பெரிதாகும், தொட்டால் துடிக்கும். சிலருக்கு வலிப்பும், ஒரு பக்கக் கை கால் பலவீனமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு அறுவை சிகிச்சைதான் வழி: கிழிந்த உறைக்கு ஒட்டுப் போட்டு, பெரும்பாலும் குழந்தையின் சொந்த மண்டையோட்டு எலும்பைப் பிளந்தெடுத்தே இடைவெளியை மூடுவார்கள். தாமதித்தாலும் ஓட்டையை மூடிவிடலாம். ஆனால் சேதமான மூளைத்திசு திரும்பாது.

மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருந்தால் கதை வேறு. மூக்கிலோ காதிலோ மூளைநீர் கசியலாம். அந்த வழியில் கிருமி நுழைந்து, வருடங்கள் கழித்தும் மூளைக்காய்ச்சல் வரலாம். காது கேளாமையும் உண்டு.

குழந்தைக்குத் தலையில் அடிபட்டிருந்தால், ஸ்கேன் படத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வீக்கம் வடிந்தாலும், இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவர் மறுபடி ஒருமுறை அந்த இடத்தைத் தடவிப் பார்க்கட்டும்.