மேசைமேல் ஓர் உருக்காலை

ஊதுலையைப் பற்றி வினாவினால் நம் மாணவர் தடையின்றி விடை கூறுவர். இரும்புத் தாது, கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் மேலிருந்து இடப்படும். கீழிருந்து வெப்பக் காற்று ஊதப்படும். உருகிய இரும்பு அடியிலே தங்கும். விடை பிழையற்றது. ஆயினும், அம்மூன்று பொருள்களும் எங்கிருந்து, எவ்வளவாக, எவ்வழியே வந்து சேர்கின்றன என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பில் அமைதி நிலவும். பாடநூற் படத்தில் உலை மட்டும் தனித்து நிற்கின்றது. அதனை நோக்கி வரும் பாதை அங்கில்லை. பாதையில்லாத உலை வாய்க்காலில்லாத வயலை ஒத்தது.

களுவாஞ்சிக்குடியில் வாழும் நமக்கு இக்குறை இன்னும் பெரிது. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் இரும்புத் தாதுமில்லை, நிலக்கரியுமில்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த இருப்புப் பாதையும் அந்நகரோடு நின்றுவிட்டது. தெற்கே நம் ஊர்வரை வந்ததில்லை. ஆனால் படுவான்கரை வயலில் நெல்லறுக்கும் தாக்கத்தி முதல் வீட்டுக் கூரையின் ஆணிவரை நம் வாழ்வு இரும்பின் மீதே நிற்கின்றது. கண்ணாற் காணாத ஒன்றின் மீது நிற்கும் மக்கள், அதனைச் சிறிதாகவேனும் செய்து பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

அமெரிக்க நாட்டில் மாதிரிப் புகையிரதங்களை அமைப்பது முதியோரும் ஈடுபடும் ஒரு கலை. அவர்களுள் உருக்காலையையே தம் பொருளாகக் கொண்டவர் பலர். டீன் ஃபிரெய்டாக் என்பார் உருக்கின் வரலாறு, அதனை ஆக்கும் முறை, அதனை மாதிரியாக அமைக்கும் வகை ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு நூலே எழுதினார். அவர்களிடையே பெருவழக்கானது 87இல் ஒரு பங்கு என்னும் அளவு. 1,435 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதை அவ்வளவில் 16.5 மில்லிமீற்றராகும். நம் நாட்டுப் பாதையோ 1,676 மில்லிமீற்றர் அகலமுடையது. அதனை அதே அளவிற் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டபோதே மாணவர்க்கு விகிதசமம் உயிர்பெற்றுவிட்டது.

அவ்வழியைப் பின்பற்றி, என் வீட்டிற் பன்னிரண்டு அடி நீளமான பலகையொன்றை மேசைகளின்மேற் கிடத்தினோம். அது உண்மை நிலத்திலே ஏறத்தாழ 318 மீற்றரையே குறிக்கும். பெரும் உருக்காலையோ பல கிலோமீற்றர் பரந்தது. ஆகவே எதனை வைப்பது, எதனை விடுவது என்னும் வினா எழுந்தது. பண்டகசாலைகளையும் பணிமனைகளையும் விடுத்தோம். கற்கரி அடுப்புகள், ஊதுலை, உருக்குக் கூடம், உருட்டாலை ஆகிய நான்கையும் அவற்றை இணைக்கும் தண்டவாளத்தையும் வைத்துக்கொண்டோம். தகரப் பேணி உலையாயிற்று. மட்டையும் துவிச்சக்கரவண்டிக் கம்பியும் அடுப்புகளாயின. அரித்தெடுத்த கிரவல் தாதுவாகவும், பொடித்த சிரட்டைக்கரி நிலக்கரியாகவும், வாவிக்கரைச் சிப்பித் தூள் சுண்ணாம்புக்கல்லாகவும் வண்டியேறின.

கற்கரி என்பது யாது? சிரட்டையைக் குழியிலிட்டுத் தீமூட்டி, காற்றுப் புகாதவாறு மூடிவிட்டால் அது சாம்பலாகாது கரியாகின்றது. கொல்லன் பட்டறையிலே துருத்தியின் முன் கனல்வது அக்கரியே. நிலக்கரியையும் அவ்வாறே காற்றில்லாத ஒடுங்கிய அடுப்பில், 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஏறத்தாழ 18 மணி நேரம் வாட்டினால் வாயுவும் தாரும் நீங்கிக் கற்கரி எஞ்சும். செந்தணலாய் வெளிவரும் அதனை ஒரு வண்டி ஏந்திச் சென்று நீர்த்தாரையின் கீழ் நிறுத்தும். வெண்ணீராவி முகிலென எழும். எங்கள் பலகையில் அம்முகில் பஞ்சினால் ஆயது. கற்கரியின் சிறப்பு அதன் வெப்பம் மட்டுமன்று, அதன் உறுதியுமாம். உயர்ந்த உலையில் தாதுவின் பாரத்தைத் தாங்கி, காற்று ஊடுருவ இடைவெளியும் விட்டு நிற்க வல்லது அது. மரக்கரி அப்பாரத்தில் நொறுங்கிவிடும்; நிலக்கரியோ இளகி ஒட்டிக்கொள்ளும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தொன் இரும்புக்கு ஏறத்தாழ 1.6 தொன் தாதுவும், அரைத் தொன் கற்கரியும் வேண்டும். அக்கற்கரிக்கு 0.7 தொன் நிலக்கரி வேண்டும். நாளொன்றுக்கு 1,000 தொன் இரும்பு தரும் உலையென்று கொண்டால், 50 தொன் கொள்ளும் பெட்டிகளில் தாதுவுக்கு 32, நிலக்கரிக்கு 14 பெட்டிகள் தினந்தோறும் வந்தாக வேண்டும். சுண்ணாம்புக்கல்லும், வெளியேறும் கசடும், விளைந்த இரும்பும் இதற்குப் புறம்பு.

மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், கரி வண்டி ஒருநாள் வராட்டி உலையை அணைச்சுப்போட்டு அடுத்த நாள் பத்தவைக்கலாந்தானே?”

“ஏலாது தம்பி. உள்ளேயிருக்கிற இரும்பு இறுகினா உலையே பாறையாப் போயிரும்” என்றேன்.

ஊதுலை, மூட்டிய நாள் தொட்டு ஆண்டுக்கணக்காய் இரவும் பகலும் எரிய வேண்டியது. அவன் சற்று நேரம் பேசாதிருந்து, பின் கரி வண்டியை விரைந்து தள்ளினான். பாடநூல் கூறாத செய்தி அவனுக்கு எட்டிவிட்டது: புகையிரதம் ஆலையின் பக்கத்தில் ஓடுவதன்று, ஆலையின் குருதியோட்டமே அது.

இவ்வுண்மைக்கு வரலாறு சான்று பகர்கின்றது. தமிழகத்துப் பரங்கிப்பேட்டையில், சென்னை அரசாங்கப் பணியிலிருந்த யோசையா மார்சல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டளவில் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவோ உயர்ந்தது. ஆனால் எரிபொருள் மரக்கரி. காடுகள் குறையக் குறைய அது தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. தென்னாட்டில் முதற் பயணிகள் புகையிரதம் ஓடியதே 1856இல்தான். கற்கரியுமின்றி, தொடக்கத்திற் பாதையுமின்றித் தள்ளாடிய அம்முயற்சி அந்நூற்றாண்டிலேயே மறைந்தது. 1907இல் தோன்றிய டாட்டா நிறுவனமோ, கோருமகிசானி மலைத் தாதுவும் சரியா நிலக்கரியும் புகையிரதத்தால் வந்து கூடத்தக்க சாக்சி என்னும் சிற்றூரைத் தேர்ந்தது. 1912இல் அங்கு உருக்குப் பிறந்தது. 1919இல் அவ்வூர் சம்செட்பூர் எனப் பெயர் பெற்றது. எங்கள் பலகையில் கரிப் பாதையை எடுத்துவிட்டால் பரங்கிப்பேட்டை. மீண்டும் பூட்டினால் சம்செட்பூர். இரண்டுக்கும் இடையே உள்ளது ஆற்றல் வேறுபாடன்று, ஒரு முழத் தண்டவாளமே எனக் கண்டோம்.

அங்ஙனமாயின் நம் இலங்கைக்கு இதிற் பங்கில்லையோ? உண்டு. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பகுதியில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்ட உலைகள் இயங்கின. மலையைத் தாண்டி வறண்டு நம்மிடம் கச்சானாக வந்து வாட்டும் காற்றும் அதுவே! தொல்லியலறிஞர் கில் யூலெஃப் அம்மையார் அதே அமைப்பில் உலைகளைக் கட்டி, காற்று வீசும் பருவத்தில் தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்துக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். காற்று மட்டும் போதுமோ என்ற ஐயம், கட்டிப் பார்த்ததனால் நீங்கியது. பிற்காலத்தில், 1960களில், சோவியத் உதவியுடன் ஒருவலையில் எழுந்த உருக்காலை பிறநாட்டு உருக்குக் கட்டிகளை உருட்டும் ஆலையே, ஊதுலை அங்கில்லை. கற்கரி இல்லாத நாட்டின் நிலை அது. இன்றோ கற்கரியின் புகையே உலகுக்குச் சுமையாகிவிட்டது. ஐதரசனைக் கொண்டு தாதுவைப் பிரித்து ஆக்கிய உருக்கை 2021இல் சுவீடன் நாட்டார் அளித்தனர். எரிபொருளைப் பற்றிய பழைய வினா புதிய உருவில் நம் மாணவர் முன் நிற்கின்றது.

நமக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை நூற்சான்றாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். கற்றதை அளந்து உருவாக்கிக் காணும் அம்மரபு இசைக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியப் பெருமக்களே! மட்டையும் பேணியும் எவ்வூரிலும் உண்டு. ஓர் உலையைச் செய்யுங்கள். அதற்குமுன், அவ்வுலைக்கு வரும் பாதையைச் செய்யுங்கள்.