ஏலமலைக்கு எட்டிய ஆராய்ச்சி இதழ்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறும் ஏல விவசாயியை வாட்டுகின்ற ‘கட்டே’ என்னும் செடிநோயும், மழைமாதங்களில் காய்களை உதிர்த்துவிடும் அழுகலும் விஞ்ஞானிகளால் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருபவையே ஆயினும், அவர்கள் கண்ட முடிவுகள் அச்சுச் சஞ்சிகைகளில் வெளிவந்து, சந்தா செலுத்திய நூலகங்களின் அலமாரிகளோடு நின்றுவிட்டன. கோழிக்கோட்டிலிருந்து இந்திய நறுமணப்பயிர்ச் சங்கம் 1992 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் ஸ்பைசஸ் அண்டு அரோமேட்டிக் கிராப்ஸ்’ இன்று இணையத்தில் எவரும் கட்டணமின்றி வாசிக்கத்தக்கதாய் இருப்பது, ஆகவே, சாமானியமான மாறுதல் அன்று.

2007-இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைப் புகுத்தியபோது, போடியில் ஏலக்காயின் விலையும் இவ்வாறே திரைக்கு வந்தது. ஆனால் ஏலவிலை அன்றைய தினத்துக்கு உரியது. ஆராய்ச்சி முடிவோ ஐம்பது ஆண்டு கழிந்தும் தேடுபவர் கைக்குக் கிடைக்கவேண்டியது. இணையப் பிரசுரத்தின் கஷ்டமெல்லாம் இந்த நிரந்தரத்தில்தான் இருக்கிறது.

புதிய கட்டுரைகளை ஏற்றுவது அத்தனை சிரமமன்று. கனடாவில் உருவாகி 2001-இல் வெளிவந்த ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்னும் இலவச மென்பொருள், கட்டுரையைப் பெறுவது, துறையறிஞர் பரிசீலனைக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் நடத்திக்கொடுக்கிறது. 1931-இல் தோன்றிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் சயின்சஸ்’ உள்ளிட்ட இதழ்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதன் துணைகொண்டே வெளியிடுகிறது. காகிதச் செலவும் தபால் செலவும் மிச்சமாகும். ஆனால் பதிப்பாசிரியரின் உழைப்பு சிறிதும் குறையாது. அவ்வுழைப்புக்கான செலவைக் கட்டுரை எழுதியவரிடமே கட்டணமாக வசூலிக்கும் வழக்கம், வசதியற்ற கல்லூரிகளின் ஆராய்ச்சியாளரை வெளியே நிறுத்திவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழைய தொகுதிகளின் கதை வேறு. கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும், நூறாண்டு கடந்த ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ போன்றவற்றின் பக்கங்களைப் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. எழுத்துக்களைக் கணினி இனங்காணும்படி மாற்றி, ஆசிரியர் பெயர், தலைப்பு, பக்க எண் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிந்து, இணைய முகவரி மாறினாலும் கட்டுரை தொலையாதபடி ‘டி.ஓ.ஐ.’ என்னும் நிலையான அடையாளக் குறியை ஒவ்வொன்றுக்கும் அளித்து, பிரதிகளைப் பல நூலகங்களின் கணினிகளில் பிரித்துக் காக்கவும் வேண்டும். நிதியுதவி அளிப்போர் இந்த வேலையைத்தான் முதலில் ஆதரிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று: இக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கட்டுரைதோறும் ஒரு பத்தி தமிழ்ச் சுருக்கமும் ஒரு பத்தி மலையாளச் சுருக்கமும் சேர்க்க அச்சில் இடமில்லை என்று சொன்ன காலம் போயிற்று. திரையில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.